வாசகர் கேள்வி – பதில்: அணுகுண்டு நூல்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

அணுயுகத்தைப் பற்றிய நூல்கள் குறித்து முந்தைய இதழில் எழுதியதற்கு மும்பை வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கான பதில்கள் இவை.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜான் ஹெர்சியின் 'ஹிரோஷிமா'வைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்தாள். அதன்பின் இரவில் சரியாக உறங்குவதில்லை. நான் தடுத்திருக்க வேண்டுமா?
– வாசகி, செம்பூர்

தடுத்திருக்க வேண்டியதில்லை அம்மா. இப்போதும் அந்த நூலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிடாதீர்கள். 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள் என்பதை அவள் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கக்கூடும். அந்த எண் யாருடைய உறக்கத்தையும் கெடுப்பதில்லை. அமெரிக்கப் பத்திரிகையாளரான ஹெர்சி, உயிர் தப்பிய ஆறு பேரைத் தேர்ந்துகொண்டு, ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை 8.15 மணிக்கு அவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறார். தகரத் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்த இளம்பெண், மூன்று குழந்தைகளைத் தையல் வேலையால் காப்பாற்றிய விதவை, இரண்டு மருத்துவர்கள், இரண்டு பாதிரியார்கள் ஆகியோர் அந்த அறுவர். ஹெர்சி ஆத்திரப்படுவதுமில்லை, நம்மை அழச் சொல்வதுமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறார். 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'தி நியூயார்க்கர்' இதழ் தன் பக்கங்கள் அனைத்தையும் அந்த ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது.

ஒன்று மட்டும் பாருங்கள்: அவள் படித்த பதிப்பில் இறுதி அத்தியாயம் இருக்கிறதா? ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1985இல், அந்த ஆறு பேரின் பிற்கால வாழ்க்கையை ஹெர்சி எழுதிச் சேர்த்தார். அந்த விதவை உடல் நலிவோடு ரொட்டி விற்றும், பூச்சி உருண்டை தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தும் குழந்தைகளை ஆளாக்கியது அதில்தான் வருகிறது. ஃபோர்ட் பகுதி நடைபாதைக் கடைகளில் கிடைக்கும் பழைய பதிப்புகளில் அந்த அத்தியாயம் இராது. அதைத் தேடிப்பிடித்து நீங்களும் உடனிருந்து படியுங்கள்.

என் தந்தை விட்டுச்சென்ற நூல்களில் ராபர்ட் யுங்க் எழுதிய 'பிரைட்டர் தேன் அ தௌசண்ட் சன்ஸ்' இருக்கிறது. கீதையிலிருந்து தலைப்பை எடுத்த இந்த நூலை இன்றும் நம்பிப் படிக்கலாமா?
– வாசகர், முலுண்ட்

படிக்கலாம், முழுவதும் நம்ப வேண்டாம். ஜெர்மன் மொழியில் 1956இல் வெளிவந்த அந்த நூல், அணுகுண்டைச் செய்த அறிவியலாளர்களின் மனநிலையைப் பொதுவாசகருக்குச் சொன்ன முன்னோடி முயற்சி. விண்ணில் ஆயிரம் சூரியர் ஒருசேர உதித்தாற்போல என்னும் பதினோராம் அத்தியாயத்து உவமையே அதன் தலைப்பு. அதன் பெரும் பிழை, ஹைசன்பர்க் முதலிய ஜெர்மானிய இயற்பியலாளர்கள் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டே குண்டு செய்யாமல் விட்டார்கள் என்ற தோற்றத்தை உண்டாக்கியதுதான். போர் முடிந்தபின் இங்கிலாந்தில் ஃபார்ம் ஹால் என்ற வீட்டில் காவலில் வைக்கப்பட்டிருந்த பத்து ஜெர்மானிய அறிவியலாளர்களின் உரையாடல்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்யப்பட்டன. 1992இல் வெளியிடப்பட்ட அந்தப் பதிவுகளில், ஹிரோஷிமா செய்தியை முதலில் அவர்கள் நம்ப மறுப்பதையும், பிறகு 'நாம் விரும்பாததால்தான் செய்யவில்லை' என்ற விளக்கம் அவர்களிடையே மெல்ல உருவாவதையும் காணலாம். டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர், ஹைசன்பர்க்குக்கு எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடித வரைவுகள் 2002இல் வெளியானபோது, யுங்க் தந்த சித்திரம் மேலும் ஆட்டம் கண்டது. யுங்க்கைப் படித்த கையோடு, 1986இல் வெளிவந்த ரிச்சர்ட் ரோட்ஸின் 'தி மேக்கிங் ஆஃப் தி அட்டாமிக் பாம்ப்' நூலையும் படியுங்கள்.

எண்ணூறு பக்க வரலாறுகள் மலைப்பைத் தருகின்றன. எதில் தொடங்குவது?
– கல்லூரி மாணவி, மாட்டுங்கா

ஜப்பானிய எழுத்தாளர் மசுஜி இபுசேயின் 'பிளாக் ரெயின்' நாவலில் தொடங்குங்கள். மருமகளுக்கு வரன் தேடும் ஒரு மாமா, அவள் குண்டு விழுந்த நாளில் ஹிரோஷிமா நகருக்குள் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு மெய்ப்பிப்பதற்காகத் தம் நாட்குறிப்பைப் படியெடுக்கிறார். குண்டு வீழ்ந்து ஆண்டுகள் கழிந்தும் ஒரு பெண்ணுக்கு வரும் வரன்கள் ஊர்ப்பேச்சால் தட்டிப்போவதை நம் வீடுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குண்டைச் செய்தவர்களின் வரலாற்றுக்கு முன், அதன் கீழே இருந்தவர்களின் கதையைப் படிப்பதே முறை என்பது என் உறுதியான எண்ணம்.

டிராம்பே அணு ஆய்வு மையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். இத்தகைய நூல்களைப் படித்த என் பேரன், 'தாத்தா, நீங்களும் குண்டு செய்தீர்களா?' என்று கேட்கிறான். மின்சாரம், மருத்துவம், வேளாண்மை என்று நாங்கள் உழைத்ததெல்லாம் ஏன் எந்த நூலிலும் இடம்பெறுவதில்லை?
– வாசகர், அணுசக்தி நகர்

ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியதிலிருந்து டிராம்பேயில் நடந்த பணிகளுள் புற்றுநோய் மருத்துவத்துக்கான கதிரியக்கப் பொருள்கள் உண்டு. விளைச்சல் மிகுந்த டிஏஜி-24 ரக நிலக்கடலை உண்டு. மும்பையின் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வளாகம்தான் சோறும் கல்வியும் தந்தது. போர் நூல்களில் இவற்றுக்கு இடம் இல்லாதது குறையே.

ஆனால் பேரனின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. கனடாவின் உதவியோடு, அமைதிப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்ற உறுதிமொழியின் பேரில் அமைக்கப்பட்டு 1960இல் இயங்கத் தொடங்கிய சிரஸ் உலையின் புளூட்டோனியம்தான் 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. 'அமைதிக்கான வெடிப்பு' என்று அப்போது அறிவிக்கப்பட்டது, உண்மையில் குண்டுதான் என்று அப்பணியை வழிநடத்திய ராஜா ராமண்ணாவே 1997இல் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு பணிகளும் ஒரே வளாகத்தில் பிணைந்தே வளர்ந்ததை இட்டி ஆபிரகாமின் 'தி மேக்கிங் ஆஃப் தி இண்டியன் அட்டாமிக் பாம்ப்' விவாதிக்கிறது. நீங்கள் உடன்படாத பக்கங்கள் அதில் இருக்கலாம். அங்கே ஓரக்குறிப்பு எழுதிப் பேரனிடம் கொடுங்கள். உள்ளிருந்தவரின் அத்தகைய குறிப்புகள் நம்மிடம் மிகக் குறைவு.

அவனுக்கு இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட்டைப் பற்றியும் சொல்லுங்கள். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்பது தெளிவானதும் 1944 இறுதியில் அமெரிக்கக் குண்டுத் திட்டத்திலிருந்து விலகி, வாழ்நாளின் பிற்பகுதியை அணு ஆயுத ஒழிப்புக்கே கொடுத்து, 1995இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். விலகாமல் திட்டத்துக்குள் இருந்தபடியே, எச்சரிக்கை செய்யாமல் நகரங்களின் மீது குண்டு வீசக்கூடாது என்று 1945 ஜூலையில் இயற்பியலாளர் லியோ சிலார்டின் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட எழுபது பேரும் அறிவியலாளர்களே. துறைக்குள் இருந்தவர்கள் கேள்வி கேட்ட மரபு ஒன்று இருக்கிறது; உங்கள் பேரன் கேட்பதும் அந்த மரபில் சேர்ந்ததே.

அணுப்போருக்குப் பின் வானம் இருண்டு பயிர் பொய்த்துப்போவதாக எழுதுவது நாவலாசிரியர்களின் மிகைதானே?
– வாசகர், டோம்பிவிலி

அல்ல. எரியும் நகரங்களின் கரி, மழை எட்டாத வளிமண்டல மேலடுக்குக்கு ஏறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கீழிறங்காது; அதனால் வெயில் குறையும், விளைச்சல் குறையும். 1983இல் வானியலாளர் கார்ல் சேகன் உள்ளிட்டோர் இதைக் கணக்கிட்டார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகளை வீசிக்கொண்டால் 50 லட்சம் டன் கரி மேலேறும் என்றும், உலகின் சராசரி வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் குறையும் என்றும் 2007இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. எவ்வளவு கரி மேலேறும் என்பதில் அறிவியலாளரிடையே இன்னும் வாதம் நடக்கிறது.

மிகை இருப்பது வேறிடத்தில். நெவில் ஷூட்டின் 1957ஆம் ஆண்டு நாவலான 'ஆன் தி பீச்', கதிரியக்கம் காற்றில் பரவி மனித இனத்தையே முற்றாக அழிப்பதாகச் சொல்கிறது. கதிரியக்கத் தூசின் வீரியம் காலப்போக்கில் விரைந்து குறைவதால், அப்படிப்பட்ட முழு அழிவுக்கு அறிவியல் ஆதரவு இல்லை. குண்டு விழாத நாடுகளை அதைவிட முன்னதாகத் தாக்கக்கூடியது பஞ்சம்தான்.