புரட்சி முடிந்த நகரத்தில் ஒரு விசித்திர நூதனசாலை: இப்படியொரு மிகுபுனைவு நாவலை நம்பும்படி எழுதுவது எப்படி?

நான் மட்டக்களப்பு ஆள், அதனால் பக்கத்து ஊரான காத்தான்குடியிலிருந்து தொடங்குகிறேன். 2015இல் அங்கே ஒரு பூர்வீக நூதனசாலை திறந்தார்கள். ஆளுயர உருவங்கள், அந்தக் காலத்துச் சாமான்கள். அம்மம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். உருவங்களை அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. நெல் அளக்கும் பழைய மரைக்கால் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். "இது நம்முட வீட்டயும் கிடக்கே மனே. இதப் பாக்கவா பஸ் ஏறி வந்த?"

உங்கள் நாவலுக்கும் அந்தக் கேள்விதான் வேண்டும். கண் சிமிட்டும் மெழுகுப் பொம்மையெல்லாம் அப்புறம். நேற்றுவரை யாரோ வீட்டில் கிடந்தது இன்று எப்படிக் காட்சிக்கு வந்தது? அதன் பக்கத்தில் வைத்த விளக்க அட்டையை எழுதியது யார்?

பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸில் 1793 ஆகஸ்ட் 10, மன்னராட்சி கவிழ்ந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், லூவர் அரண்மனையை நூதனசாலையாகத் திறந்தார்கள். உள்ளே 537 ஓவியங்கள். பெரும்பாலும் அரச குடும்பத்திடமும் தேவாலயங்களிடமும் பறித்தவை. அதைவிட எனக்குப் பிடித்தவர் அலெக்சாந்தர் லெனுவார். பறிமுதல் செய்த சிற்பங்களைக் குவித்திருந்த பழைய மடம் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. வெளியே அரசர்களின் கல்லறைகளை உடைக்கிறார்கள். இவர் காப்பாற்ற முடிந்ததை அள்ளி வந்து அடுக்குகிறார். 1795இல் அதையே நூதனசாலையாகத் திறந்தார். அபெலார், எலோயிஸ் என்ற பழைய காதலர்களுக்கு, உடைந்த துண்டுகளைக் கோத்துப் புதிதாக ஒரு கல்லறையே கட்டினார்! நாவலில் வந்திருந்தால் 'கொஞ்சம் ஓவர்' என்றிருப்பேன். மன்னராட்சி திரும்பிய பிறகு, 1816இல், அந்த நூதனசாலையை மூடிவிட்டார்கள்.

நான் எழுதினால் இடம் எங்கள் கோட்டைதான். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது, பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது, கடைசியில் கச்சேரி, அதாவது அரச அலுவலகம், ஆனது. ஆள் மாறினாலும் சுவர் அதே சுவர். நிலவு இரவில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்தால் கேட்கும் என்பார்களே, அந்த மீன் பாட்டு, வாவிப் பக்கத்து அறையொன்றில் பட்டப்பகலில் கேட்கட்டும். புதிய அரசு அனுப்பிய எழுதுவினைஞர் அதற்கு அட்டை எழுத வேண்டும். பொருள், காலம், உரியவர் என்று மூன்று கட்டங்கள். முதல் இரண்டையும் எப்படியோ நிரப்பிவிடுவார். மூன்றாவதில் பேனை நிற்கும்போது கதையைத் தொடங்குவேன்.