கெட்ட நேரத்துல என்ன படிக்கிறது? (கடிதம்)

அன்புள்ள அக்கா,

உங்க கதைகளை ரொம்ப வருஷமா படிக்கிறேன். இப்போ கொஞ்ச காலமா வீட்ல எதுவும் சரியில்ல. வேலை போச்சு, அம்மாவுக்கு உடம்பு முடியல, ராத்திரி தூக்கம் வர்றதில்ல. போனைத் திறந்தா எங்கயாவது யுத்தம். முன்னாடியெல்லாம் எண்ணூறு பக்க ஃபேன்டஸி நாவலை ஒரே வாரத்துல முடிச்சிடுவேன், இப்போ நாலு பக்கம் தாண்ட முடியல. டிராகன், விண்கலம்னு படிக்கிறது இந்த நேரத்துல ஓடி ஒளியற மாதிரி இருக்கேன்னு ஒரு குற்றவுணர்ச்சி வேற. நண்பர் ஒருத்தர் இப்போ கெட்டுப்போன எதிர்காலத்தைக் காட்டுற டிஸ்டோபியா நாவல்தான் படிக்கணும், அதுதான் நிஜத்தைக் காட்டும்ங்கிறார். உங்களை மாதிரி அறிவியல் புனைகதையும் ஃபேன்டஸியும் எழுதுறவங்க கஷ்டகாலத்துல என்னதான் படிப்பீங்க? ஒரு பத்து புத்தகம் லிஸ்ட் குடுத்தா உதவியா இருக்கும். ஆடியோபுக் கேக்கறது படிக்கிறதுல சேருமா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

முதல்ல, அம்மாவுக்கு இப்போ எப்படி இருக்கு? கடிதம் பூரா உங்க படிப்பு பத்திதான் இருக்கு, அம்மா பாதி வாக்கியத்துல வந்துட்டுப் போயிட்டாங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி, எனக்கு அது உறுத்துச்சு. புரியவும் செய்யுது. பெரிய விஷயத்தைப் பத்தி எழுத வராதப்பதான் சின்ன விஷயத்தைப் பத்தி நீளமா எழுதுவோம்.

நாலு பக்கம் தாண்டலன்னா தாண்டல. யாரு உங்ககிட்ட கணக்கு கேட்டாங்க? வருஷத்துக்கு இத்தனை புத்தகம்னு எண்ணி எண்ணிப் போடுற பழக்கம் வந்ததுல இருந்து படிக்கிறவங்களுக்கெல்லாம் புதுசா ஒரு குற்றவுணர்ச்சி கெளம்பியிருக்கு, இருக்கிற கஷ்டம் போதாதுன்னு. அப்புறம் அந்த லிஸ்ட். தரமாட்டேன். மருந்துச்சீட்டு கேக்கற மாதிரி கேக்கறீங்க, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு எழுதித் தர்றதுக்கு நான் யாரு?

ஓடி ஒளியற விஷயத்துக்கு எப்பவோ பதில் சொல்லியாச்சு. 1939ல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்துல தேவதைக் கதைகளைப் பத்திப் பேசி, அப்புறம் அதைக் கட்டுரையா எழுதினப்போ 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' டோல்கீன் இதே குற்றச்சாட்டைத்தான் எடுத்துக்கிட்டார். ஜெயில்ல கெடக்கிறவன் வெளியில போக நெனைக்கிறதையும், சிப்பாய் களத்தை விட்டு ஓடிப்போறதையும் ஒண்ணாக் குழப்பாதீங்கன்னார். சொன்னவர் முதல் உலகப்போர்ல, 1916ல, சோம் யுத்தத்தைக் கண்ணால பார்த்துட்டு வந்த ஆளு. அவருக்கே அது போதும்னா உங்களுக்கும் போதும், விடுங்க.

உங்க நண்பர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரோட 1993 நாவல் 'பாரபிள் ஆஃப் த சோவர்' 2024ல ஆரம்பிக்குது, தீயும் வறட்சியும் வேலியடிச்ச தெருக்களுமா இருக்கும். 2020ல உலகமே வீட்டுக்குள்ள அடைஞ்சு கெடந்தப்போதான் அது நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் லிஸ்ட்ல ஏறிச்சு. ஆனா அந்தம்மா மத்தவங்க எழுதின டிஸ்டோபியாவைப் படிச்சுட்டு அதை எழுதல, செய்தித்தாளை வெட்டி வெட்டிச் சேர்த்து வெச்சு எழுதினாங்க. நிஜம் வேணும்னா நிஜத்தைப் படிக்கச் சொல்லுங்க, அதோட நகலை எதுக்கு?

சரி, எழுதுறவங்க என்ன படிப்பாங்கன்னு கேட்டீங்க இல்ல, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன். கொஞ்ச நாளா, செத்த உடம்புகளை வெச்சு உயிர் உண்டாக்கற கதையான ஃபிராங்கன்ஸ்டைனை எழுதின மேரி ஷெல்லியோட டைரிக் குறிப்புகளைத்தான் புரட்டிக்கிட்டிருக்கேன். டைரின்னா மனசைக் கொட்டி வெச்சிருப்பாங்கன்னு நெனைக்காதீங்க, பாதிக்கு மேல இன்னிக்கு இதைப் படிச்சேன் அதைப் படிச்சேன்னுதான் இருக்கும். 1815 பிப்ரவரில அவங்களுக்கு முதல் குழந்தை, குறைமாசத்துல பொறக்குது. மேரிக்கு வயசு 17. மார்ச் 6ஆம் தேதி குழந்தை செத்துக் கெடக்கறதைப் பார்க்கறாங்க. அன்னிக்குக் குறிப்புல அதை எழுதி, நண்பனுக்கு ஆள் அனுப்பினதை எழுதி, துயரமான நாள்னு எழுதி, அதே மூச்சுல சாயங்காலம் இயேசு சபைங்கற கத்தோலிக்கப் பாதிரியார் அமைப்போட வீழ்ச்சி பத்தின புத்தகம் படிச்சேன்னு எழுதியிருக்காங்க.

என்ன பொம்பளை இவன்னு தோணுதா? அவசரப்படாதீங்க. ரெண்டு வாரம்கூட ஆகல, இன்னொரு குறிப்பு வருது. கனவுல குழந்தை உயிரோட வந்துச்சாம், அது சாகலையாம், சும்மா குளிர்ல வெறைச்சுதான் போயிருந்துச்சாம், நெருப்புப் பக்கத்துல வெச்சுத் தேய்ச்சுவிட்டதும் பொழைச்சுக்கிச்சாம், முழிச்சுப் பார்த்தா குழந்தை இல்ல. இந்த ரெண்டு குறிப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இந்தக் கனவுலதான் ஃபிராங்கன்ஸ்டைனோட விதை இருக்குன்னு நெறய பேர் எழுதிட்டாங்க, இருக்கட்டும். நான் கேக்கறது வேற. ராத்திரியானா தானாவே இப்படி ஒரு கதையைக் கட்டுற தலைக்கு, பகல்லயும் கதையா குடுக்க முடியும்? அந்தப் பொண்ணோட சோகத்தைத் துளிகூடக் கண்டுக்காத ஒரு பாதிரியார் சபைச் சரித்திரம்தான் அன்னிக்கு சாயங்காலம் அவளைத் தாங்கியிருக்கு.

இப்போ நீங்க கேப்பீங்க, 1816ல ஜெனீவா ஏரிக்கரையில மேரியும் கூட்டாளிங்களும் ஒக்காந்து பேய்க்கதைதானே படிச்சாங்கன்னு. ஆமா, ஜெர்மன் பேய்க்கதைகளை பிரெஞ்சு மொழிபெயர்ப்புல படிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் தம்போரா எரிமலை வெடிச்சதுல அந்த வருஷம் ஐரோப்பாவுல கோடைன்னு ஒண்ணே வரல, மழை, குளிர், பயிரெல்லாம் போச்சு. வயல் அழிஞ்சவன் எவனாவது பேய்க்கதை படிச்சிருப்பான்னு நெனைக்கிறீங்களா? மாளிகைக்குள்ள போரடிச்சுக் கெடந்தவங்க படிச்சாங்க. அதே மேரி, அதே வருஷம் அக்டோபர்ல அக்கா ஃபேனி செத்துப்போறா, அதுவும் சாதாரண சாவு இல்ல, அந்த மாசக் கடைசியில வர்ற ஒரு குறிப்பைப் பாருங்க, ஹம்ஃப்ரி டேவியோட வேதியியல் புத்தகத்துல முன்னுரை படிச்சேன், எழுதினேன்னு இருக்கு. எழுதினேன்னா ஃபிராங்கன்ஸ்டைனை. உலகத்தோட முதல் அறிவியல் புனைகதைன்னு நாம தலைல தூக்கி வெச்சு ஆடுற நாவலை எழுதின கை, வீட்ல சாவு விழுந்த மாசத்துல கெமிஸ்ட்ரி பாடத்தைப் புரட்டிக்கிட்டிருந்துச்சு.

இதுதான் எனக்கு ரொம்ப நாளா மண்டைல ஓடுற விஷயம். பயம்ங்கறது கற்பனைதான் தம்பி. தூங்காம கெடந்தா மணி மூணுக்கு உங்க தலைக்குள்ள ஓடுறது என்ன? இப்படி ஆயிட்டா, அப்புறம் அப்படி ஆயிட்டான்னு ஒண்ணுமேல ஒண்ணா எதிர்காலத்தைக் கட்டிக்கிட்டே போறோம், பாத்திரங்களோட, வசனத்தோட, செலவுக் கணக்கோட. அறிவியல் புனைகதை எழுதுறதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் சொல்லுங்க? "இப்படி நடந்தா என்ன ஆகும்"ங்கிற அதே எஞ்சின்தான். எங்க தொழில்ல அதை வருஷக்கணக்கா தீட்டித் தீட்டி வெச்சிருக்கோம், அதனால டாக்டர் ஒரு வார்த்தையை இழுத்துச் சொன்னாக்கூட அதுல இருந்து ஏழு உலகம் செஞ்சிடுவோம், ஏழுலயும் அழிவு. ஏற்கெனவே சூடேறிப் போன எஞ்சின்ல இன்னும் கொஞ்சம் டிராகனைக் கொண்டுபோய் ஊத்தினா ஏத்துக்காது, நாலு பக்கத்துல நின்னுடும். உங்களுக்கு நடக்கிறது அதுதான். ரசனை போச்சு, மூளை மழுங்கிடுச்சுன்னு எதையாவது நெனைச்சுக்கிட்டு ஒக்காராதீங்க.

எங்கப்பா ஆஸ்பத்திரில கெடந்த சமயத்துல என்கிட்ட இருந்தது லைக்கன்களைப் பத்தின ஒரு பழைய கையேடு. பாறைமேல, மரப்பட்டைமேல திட்டுத்திட்டா ஒட்டிக்கிட்டிருக்குமே, அதுதான். எப்படி என் பைக்குள்ள வந்துச்சுன்னுகூட ஞாபகம் இல்ல, ஏதோ கதைக்குத் தேவைப்படும்னு வாங்கிப் போட்டிருப்பேன். கூடவே நல்ல நாவலும் ரெண்டு இருந்துச்சு, தொடவே இல்ல. வார்டுக்கு வெளியில பிளாஸ்டிக் நாற்காலில ஒக்காந்துக்கிட்டு, நாளைக்குக் காலைல பார்த்துட்டுச் சொல்றோம்னு டாக்டருங்க சொல்லிட்டுப் போனதுக்கப்புறம், நான் படிச்சது என்னன்னா, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு வெச்சா எந்த லைக்கன் முதல்ல மஞ்சளாகி அப்புறம் சிவப்பாகும், எது ஒடனே ஊதாவாகும், எது அசையாம அப்படியே இருக்கும். பக்கம் பக்கமா இதேதான். லென்ஸ் வெச்சுப் பாருங்க, விளிம்பு சுருண்டிருக்கான்னு பாருங்க, அடிப்பக்கம் என்ன கலர்னு பாருங்க. எழுதின ஆளுக்கு நான் இருக்கேனா செத்தேனான்னு கவலையே இல்ல. அந்த அலட்சியம் எவ்வளவு பெரிய நிம்மதின்னு உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சுத்தி இருந்த எல்லாரும் என்கிட்ட மெதுவான குரல்ல பேசிக்கிட்டிருந்தாங்க, அந்தப் புத்தகம் மட்டும் பேசல.

அதுல மேப் லைக்கன்னு ஒண்ணு, பச்சை கலந்த மஞ்சள்ல, சுத்திக் கறுப்புக் கோடு போட்டு, பார்த்தா தேசப்படம் மாதிரியே இருக்கும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. பனியாறு பின்வாங்கிப் போனப்போ விட்டுட்டுப் போன பாறைமேல இது எவ்வளவு அகலத்துக்குப் படர்ந்திருக்குன்னு அளந்து, அந்தப் பாறை எப்போ வெளியில வந்துச்சுன்னு கணக்குப் போடுறாங்க. 2005ல இதையே விண்கலத்துல ஏத்தி, பூமியைச் சுத்திவர்றப்போ மூடியைத் திறந்து வெட்டவெளில ரெண்டு வாரம் போட்டு வெச்சாங்க, காத்து இல்ல, சூரியனோட புற ஊதாக் கதிர் நேரா அடிக்குது, எறக்கிப் பார்த்தா உயிரோட இருக்கு. இதை நான் கதையா எழுதியிருந்தா நம்பற மாதிரி இல்லன்னு எனக்குக் கடிதம் போட்டிருப்பீங்க.

அப்பா பொழைச்சு வந்தார். அது டாக்டருங்க வேலை, நர்ஸுங்க வேலை. புத்தகம் காப்பாத்துச்சுன்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வரும்.

எல்லாரும் இப்படித்தானான்னா இல்ல. அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் உர்சுலா லெ குவினுக்கு, தாவோ தே ஜிங்ங்கற பழைய சீனத் தத்துவ நூல். அவங்கப்பா மானுடவியலாளர் குரோபர், அந்தப் புத்தகத்துல தன்னோட இறுதிச் சடங்குல படிக்க வேண்டிய பகுதிகளைக் குறிச்சு வெச்சிருந்தார், அதையே படிச்சாங்க, மகளும் ஆயுசு பூரா அந்தப் புத்தகத்தை விடல. அது அவங்க குடும்ப விஷயம், வேற தெம்பு.

ஆனா போலந்து அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் என் கட்சி. ரெண்டாம் உலக யுத்தம் முடிஞ்சப்போ அவருக்கு அப்பா அம்மா தவிர சொந்தம்னு அநேகமா யாரும் மிச்சம் இல்ல, நாஜிகள் கொன்னுட்டாங்க. அவரே போலி பேப்பர் வெச்சுக்கிட்டு மெக்கானிக்காவும் வெல்டராவும் வேலை பார்த்துத் தப்பிச்சவர். பொறந்த ஊரான லுவூவை (இப்போ உக்ரைன்ல இருக்கு) விட்டுட்டு போலந்துல இருக்கிற கிராக்கோவுக்கு வர்றாங்க. அங்க ஹொய்னோவ்ஸ்கின்னு ஒரு அறிஞர், போலந்துப் பல்கலைக்கழகங்களுக்குப் புத்தகம் அனுப்புங்கன்னு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எழுதிப் போட, பார்சல் பார்சலா வந்து எறங்குது. லெம் அவருக்கு உதவியாளர். ஒவ்வொரு புத்தகமும் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ராத்திரியோட ராத்திரியா படிச்சு முடிச்சிடுவார், இங்கிலீஷ் சரியா வராது, அகராதியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு. உயிரும் எந்திரமும் தன்னை எப்படிக் கட்டுப்படுத்திக்குதுன்னு கணித அறிஞர் நார்பர்ட் வீனர் எழுதின 'சைபர்நெடிக்ஸ்' அவர் கைக்கு அப்படித்தான் வந்துச்சு. சொந்தமெல்லாம் போன ஒரு இளைஞன், ஊரும் போயிடுச்சு, ராத்திரில ஒக்காந்து யாருக்கோ வந்த பார்சல்ல இருக்கிற கணக்கையும் தர்க்கத்தையும் படிக்கிறான்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு 1961ல வந்த அவரோட சோலாரிஸ் நாவலை எடுங்க. செத்துப்போன மனைவி திரும்பி வந்து அறைல நிக்கிறா, நாயகன் கெல்வின் என்ன பண்றான்? ஆய்வு நிலைய நூலகத்துக்குப் போய் சோலாரிஸ் கிரகத்தை மூடியிருக்கிற அந்த விசித்திரக் கடலைப் பத்தி நூறு வருஷமா எழுதிக் குவிச்ச தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டிக்கிட்டிருக்கான், எந்த அலைக்கு எந்தப் பேரு, எந்தப் பேராசிரியர் எதை மறுத்தார்னு. கதை அங்க நின்னுடுதுன்னு அந்தப் பக்கங்களைத் தள்ளிட்டுப் போறவங்களை எனக்குத் தெரியும், போரடிக்குதாம். உங்க நண்பரும் அந்த ஜாதியா இருக்கலாம். யோவ், கதையே அங்கதானய்யா இருக்கு! மனைவி முகத்தைப் பார்க்க முடியாதவன் வேற எங்க போவான்? ஒரு பக்கத்தையும் தாண்டாம படிங்க, இப்போ வேணாம், தூக்கம் திரும்பினதுக்கப்புறம்.

ஆடியோபுக் கேட்டீங்க இல்ல. கேளுங்களேன், அதுக்கு எதுக்கு என் அனுமதி? அம்மா பக்கத்துல ஒக்காந்திருக்கிறப்போ காதுல மாட்டிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க, அவங்க கூப்பிட்டா கேக்கணும்.

இப்போதைக்கு நாவலையெல்லாம் மூட்டை கட்டி வைங்க. உங்க தொழிலுக்கும் அம்மாவோட வியாதிக்கும் துளிகூடச் சம்பந்தமில்லாத ஒண்ணை எடுங்க, பாலம் கட்டறதோ, பூட்டு செய்யறதோ, எறும்போ, எழுதினவருக்கு நடை சுமாரா இருந்தா இன்னும் நல்லது. வியாதி பத்தி இன்டர்நெட்ல படிக்கிறதை இன்னிக்கே நிறுத்துங்க, அதை டாக்டர்கிட்ட கேளுங்க. எதை எடுத்தீங்கன்னு எழுதிப் போடுங்க, அம்மாவைப் பத்தி நாலு வரி சேர்த்து எழுதுங்க. மறுபடியும் லிஸ்ட் கேட்டு வந்தா பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அக்கா