“18-க்குக் கீழே தரமாட்டேன்” என்றால் தருகிறேன் என்று அர்த்தமா?

திருவண்ணாமலை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “6 சென்ட் மனை விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் பார்த்தேன். தரகர் மூலம் 16 லட்சத்துக்குக் கேட்டேன். கோவையிலிருக்கும் உரிமையாளர், ‘18 லட்சத்துக்குக் கீழே தரமாட்டேன்’ என்று எனக்கே மெசேஜ் போட்டார். உடனே ‘சரி, 18-க்கே எடுத்துக்கிறேன்’ என்று பதில் போட்டு, தரகருக்கு 25,000 ரூபாய் டோக்கன் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து இடத்தை 19.5 லட்சத்துக்கு வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ‘மெசேஜே ஒப்பந்தம்தான், வக்கீல் நோட்டீஸ் விட்டால் இடம் வந்துவிடும், 15,000 கொடுங்கள்’ என்கிறார் தரகர். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் அதை ஏற்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம். “இந்த விலைக்குத் தருகிறேன், சம்மதமா?” என்பது முன்மொழிவு. “விற்பனைக்கு”, “இவ்வளவுக்குக் குறையாது” என்பதெல்லாம் வந்து கேட்டுப் பாருங்கள் என்ற அழைப்புதான். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்குள் பொம்மைக்குக் கட்டிய சேலையில் விலைச்சீட்டு தொங்குகிறதே, அதுவும் அழைப்புதான். அழைப்புக்கு நீங்கள் “சரி” சொன்னால் முன்மொழிபவர் நீங்கள் ஆகிறீர்கள். ஏற்பதா தள்ளுவதா என்பது அவர் இஷ்டம்.

உங்கள் கதையை உச்ச நீதிமன்றம் 1951-லேயே கேட்டு முடித்துவிட்டது. குடகில் ஒரு பங்களா. வாங்க நினைத்தவர் 6,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். உரிமையாளரிடமிருந்து தந்தி வருகிறது: பத்தாயிரத்துக்குக் குறைந்து ஏற்கமாட்டேன். வாங்குபவர் அந்தப் பத்தாயிரத்துக்கே சம்மதம் என்கிறார். உரிமையாளரோ இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மெக்பெர்சன் எதிர் அப்பண்ணா என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது இதுதான்: குறையாது என்பது பேரத்துக்கான அழைப்பு, அந்த விலைக்கு உனக்கே தருகிறேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தந்தி இருந்த இடத்தில் வாட்ஸ்அப்பை வையுங்கள், வேறு வித்தியாசம் இல்லை. இதற்கும் முன்னால், 1893-இல், ஜமைக்காவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (பிரிட்டிஷ் காலனிகளின் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) போன நில வழக்கிலும் இதே முடிவுதான். “விற்பீர்களா? குறைந்தபட்ச விலை என்ன?” என்று இரண்டு கேள்வி கேட்டார்கள். உரிமையாளர் இரண்டாவதற்கு மட்டும் 900 பவுண்டு என்று பதில் சொன்னார். முதல் கேள்விக்குப் பதிலே வரவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள், உங்கள் போனிலும் அப்படி ஒரு மெசேஜ் இருக்கலாம். உரிமையாளர் எங்காவது “18 லட்சம், உங்களுக்கே தருகிறேன், பத்து நாளைக்குள் சொல்லுங்கள்” என்ற மாதிரி எழுதியிருக்கிறாரா? “உங்களுக்கு”, “தருகிறேன்” என்ற இரண்டும் இருந்தால் அது முன்மொழிவாக நிற்க வாய்ப்புண்டு. அப்போதும் மூன்றைப் பாருங்கள். நீங்கள் ஏற்றுக்கொண்ட செய்திக்கு முன்பே அவர் “வேண்டாம், விற்கவில்லை” என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. பத்து நாள் என்று வாக்குக் கொடுத்திருந்தாலும், அந்தப் பத்து நாளைக்கென்று நீங்கள் தனியாக எதுவும் தராதவரை, அவர் மூன்றாம் நாளே பின்வாங்கலாம். அடுத்தது, உங்கள் பதிலில் “ஆனால்” இருக்கிறதா? “18-க்கு எடுத்துக்கிறேன், ஆனால் பாதிப் பணம் சித்திரைக்கு அப்புறம்” என்றால் அது ஏற்பு ஆகாது, உங்கள் தரப்பில் ஒரு புது முன்மொழிவு. கடைசியாக, எந்த மனை, எவ்வளவு, எப்போது கிரயம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் மெசேஜ்களை அழிக்காமல், தரகரிடம் போகாமல், நேரே ஒரு சிவில் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் 25,000. இதுதான் எனக்கு எரிச்சலான விஷயம். அந்தப் பணம் போனது தரகரின் சொந்த எண்ணுக்கு. உரிமையாளர் அவருக்கு விற்கவோ பணம் வாங்கவோ அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? பெரும்பாலும் இருக்காது. தரகர் வாங்கிய டோக்கன் உரிமையாளரைக் கட்டாது. அது அவர் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல். “நான் ஓனர்கிட்ட கொடுத்துட்டேன்” என்றால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மெசேஜாக இருந்தாலும் போதும். எத்தனையோ பேர் வெள்ளைத்தாளில் தரகர் கிறுக்கிய துண்டுச்சீட்டை லேமினேஷன் போட்டு என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். இடத்துக்குச் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் அதில் இருக்காது.

நோட்டீஸ் விட்டால் இடம் வரும் என்பதும் பொய். நோட்டீஸ் ஒரு கடிதம், அவ்வளவுதான். இடம் வேண்டுமென்றால் ‘ஏற்றதை ஆற்று’, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து கொடு என்று வழக்குப் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 18 லட்சத்துக்கு 54,000 ரூபாய் முதல் நாளே கட்ட வேண்டும். அதற்கப்புறம் வாய்தா, வாய்தா. சம்மன் போய்ச் சேரவே சில வழக்குகளில் ஒரு வருடம் ஆகிறது. ஒப்பந்தமே இல்லாத கதைக்கு இத்தனையும் எதற்கு?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். அப்படியிருந்தும், பதிவாகாத ஒப்பந்தத்தை ஏற்றதை ஆற்றும் வழக்கில் சாட்சியமாகப் பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லிவிட்டது. கட்டாயம் என்று ஒரு கையால் எழுதி மறு கையால் கதவைத் திறந்து வைத்திருக்கிறது சட்டம். பதிவு இல்லாமல் வெறும் முத்திரைப் பத்திரத்தில் எழுதித் தரும் தரகர்கள் இந்த ஓட்டையில்தான் குடித்தனம் நடத்துகிறார்கள். நீங்கள் பதிவு செய்துவிடுங்கள்.

இன்னொன்று: இடம் உண்மையிலேயே கைமாறிவிட்டதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். விலையை ஏற்றுவதற்காக ‘வேறொருவர்’ முளைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கிரயம் ஆகவில்லையென்றால் உரிமையாளருக்கு நீங்களே நேரடியாக எழுதுங்கள்: சர்வே எண், 6 சென்ட், 18 லட்சம், ஒப்பந்தப் பதிவு இந்தத் தேதியில், சம்மதமா? அவர் “சம்மதம்” என்று எழுதட்டும். அப்புறம் இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போங்கள். அட்வான்ஸை அங்கே வைத்து, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே கொடுங்கள்.