ஒரே கோட்டு வாட்டர்ப்ரூஃபிங் அடித்துவிட்டு டைல்ஸ் ஒட்டலாமா? (சேலம் அஸ்தம்பட்டி மாடி பாத்ரூம்)

வணக்கம் சார். பாத்ரூம் தரையில் நீர்க்கசிவைத் தடுக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு ஒரு கோட்டு அடித்த மறுநாளே டைல்ஸ் ஒட்ட வருகிறார்கள், கீழ் ரூம் சீலிங்கில் ஈரம் என்று எழுதியிருக்கிறீர்கள். டைல்ஸை நிறுத்துங்கள். ஒட்டியபின் பழுது பார்ப்பது உடைப்புச் செலவுதான்.

ஒழுகுவது பைப்பா, தரையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். தரையைக் காயவிட்டு, பைப்பில் மட்டும் பிரஷர் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். அழுத்தம் இறங்கினால் கன்சீல்டு பைப் (உள்ளே புதைத்த பைப்) ஒழுகுகிறது. எந்தப் பூச்சும் அதை நிறுத்தாது.

பைப் சரியென்றால் நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வெளியேறும் வாய்) அடைத்து, 5 செ.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். சேலம் வெயிலில் கொஞ்சம் ஆவியாகும். அதனால் பக்கத்தில் ஒரு பேசினில் தண்ணீர் வைத்து, இரண்டும் எவ்வளவு இறங்கின என்று ஒப்பிடுங்கள். பேசினைவிடத் தரையில் அதிகம் இறங்கினால் தரைதான் ஒழுகுகிறது.

பெரும்பாலும் ஒழுகுவது நடுத்தரையில் இல்லை; டிராப், பைப் கழுத்து, சுவர் மூலை. பைப்பைச் சுற்றி 2 செ.மீ. கொத்தி நான்-ஷ்ரிங்க் கிரவுட் (காய்ந்தாலும் சுருங்காத கலவை) நிரப்ப வேண்டும். மூலைகளில் 1:3 சிமென்ட்-மணல் கலவையால் உருட்டு வைத்து (மூலையை வளைவாக்கி), ஃபைபர் மெஷ் பதித்து, அதன்மேல் இரண்டு கோட்டு வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு: முதலாவது நெடுக்கே, அடுத்தது குறுக்கே. சுவரில் 30 செ.மீ., ஷவர் பக்கம் 180 செ.மீ. ஏற வேண்டும். டூ-காம்போனென்ட் பூச்சில் (இரண்டு பொருளைக் கலந்து அடிப்பது) கைக்கணக்கில் தண்ணீர் ஊற்றுவது கொத்தனார்களின் கெட்ட பழக்கம், பக்கத்திலேயே நில்லுங்கள். உலரும் நேரம் மூட்டையில் போட்டிருக்கும். ஏற்காட்டுப் பனியில் என்றால் இன்னும் கூடும்.

பூச்சு நன்றாக இறுகியதும் மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். அதுவரை பாக்கிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.