மணல் மூட்டையோட ஆடினவர்

அண்ணா,

போன வாரம் கனடாவோட ஐஸ் டான்ஸ் ஜோடி டெஸ்ஸா வெர்ச்சு - ஸ்காட் மோயர் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தீங்க. அதுல இருந்து அவங்க வீடியோவாத்தான் பார்த்துட்டு இருக்கேன். அவங்க நிஜத்துலயும் காதலர்களா? 2014 சோச்சி ஒலிம்பிக்ல அவங்களுக்குத் தங்கம் போனது நடுவர்கள் பண்ண வேலையா? ஐஸ்ல ஸ்கேட் போட்டு ஜோடியா ஆடுற, ஜம்ப்பே இல்லாத ஐஸ் டான்ஸை ஸ்போர்ட்டுன்னு எப்படி சொல்றாங்க?

பி.கு: நானும் ஜோடி நடனப் போட்டியில ஆடுறவன்தான். என் பார்ட்னருக்கு முழங்கால்ல ஆபரேஷன், ஆறு மாசம் ஆகும்ங்கிறாங்க. கோச் வேற ஆளைப் பார்க்கச் சொல்றார். இப்போதைக்கு தனியா பிராக்டிஸ் பண்றேன். என்ன செய்யலாம்?

(பெயர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்.)

தம்பி,

மனசுல உறுத்துறதை பி.கு.வுல ஒளிச்சு வெச்சுட்டு, மேல மூணு கேள்வியை பந்தல் மாதிரி கட்டியிருக்க பாரு, அந்த சாமர்த்தியம் எனக்குப் பிடிக்கல. ஆனா உன் கடிதம் வந்த நேரம் அப்படி, நானும் ஒரு மாசமா அந்த மணல் மூட்டையைப் பத்தித்தான் யோசிச்சுட்டு இருக்கேன். அதுக்கு வரேன்.

காதலான்னு கேட்காத. 1997-ல ஏழு வயசுப் பொண்ணையும் ஒன்பது வயசுப் பையனையும், பையனோட சொந்தத்துலயே இருந்த ஒரு கோச்சம்மா ஜோடி சேர்த்து விட்டாங்க, அதுல இருந்து 2018 பியோங்சாங் ஒலிம்பிக் தங்கம் வரைக்கும் ஒரே கை, ஒரே தோள், அதுக்கு மேல உனக்கு என்ன தெரியணும்? சோச்சி கதையும் வேண்டாம். ஜெயிச்ச அமெரிக்க ஜோடி மெரில் டேவிஸ் - சார்லி வைட்டும் இவங்களும் ஒரே ஐஸ் ரிங்க், ஒரே கோச், தினம் காலைல எதிராளி மூஞ்சியைப் பார்த்துட்டே ஷூ லேஸ் கட்டுறது எப்படி இருக்கும்னு கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

ஸ்போர்ட்டா இல்லையாங்கிறதுக்கு ஒண்ணே ஒண்ணு. 1984 சரயேவோ ஒலிம்பிக்ல பிரிட்டன் ஜோடி டார்வில் - டீன் ஆடினப்போ ராவெலோட பொலேரோங்கிற இசையை எவ்வளவு வெட்டியும் 4 நிமிஷம் 28 வினாடிக்குக் கீழ கொண்டு வர முடியல, விதியோ 4 நிமிஷம் 10 வினாடி, ஆனா பிளேடு ஐஸ்ல பட்டாத்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், அதனால முதல் 18 வினாடி ரெண்டு பேரும் முழங்கால் போட்டே ஆடினாங்க, கலைக்கான மார்க்ல ஒன்பது நடுவர்களும் முழு மார்க் 6.0 போட்டாங்க. விதிக்குள்ள இப்படி சந்து கண்டுபிடிக்கிறவன் விளையாட்டுக்காரன் இல்லாம வேற யாரு.

இப்ப மூட்டைக்கு வரேன். 2008 அக்டோபர்ல டெஸ்ஸாவுக்கு கால்ல ஆபரேஷன். கெண்டைக்கால் பக்கம் தசையைச் சுத்தி ஒரு உறை இருக்குல்ல, ஆட ஆட தசை வீங்கும், உறை விரியாது, உள்ள அழுத்தம் ஏறி நடக்கவே விடாது. அதை வெட்டி விட்டாங்க. அந்தப் பொண்ணு கனடாவுல இருக்கிற லண்டன்ல, அதாங்க சொந்த வீட்டுல, படுத்திருக்கு, ஸ்காட் அமெரிக்காவுல, மிச்சிகன்ல கேன்டன் ரிங்க்ல தனியா. என்ன பண்ணினார் தெரியுமா, மணல் மூட்டையையும் ஹாக்கி மட்டையையும் பிடிச்சுட்டு பிராக்டிஸ் பண்ணினார்.

இதை ஊரே அர்ப்பணிப்புன்னு மெச்சுது. நானும் மெச்சினேன், அப்புறம் தோண ஆரம்பிச்சுது, மூட்டைக்கு எடை இருக்கு சரி, நீ இந்தப் பக்கம் சாஞ்சா அது அந்தப் பக்கம் இழுத்துக் கொடுக்குமா? ஐஸ் டான்ஸ்ல கையை முழுசா நீட்டி தலைக்கு மேல தூக்கவே கூடாது, தூக்கி எறியுறதும் கிடையாது, அப்ப மிச்சம் என்ன இருக்கு, அடுத்தவங்க எடை எப்ப பிளேடோட எந்த விளிம்புக்கு மாறுதுன்னு உள்ளங்கையில தெரிஞ்சுக்கிறதுதான். மூட்டை அப்படி எதையும் சொல்லாது. சோர்ந்து போகாது, "இன்னைக்கு வலிக்குது"ன்னு சொல்லாது, அதனாலதான் அது அவ்வளவு வசதி. அந்த ரெண்டு மாசம் அவங்க ரெண்டு பேரும் சரியா பேசிக்கவே இல்லைன்னு பின்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க. எனக்கு அந்த மூட்டை மேல கோபம் வந்தது அப்பதான்.

கோபத்துக்கு காரணம் ஸ்காட் இல்ல, நான்தான். பல வருஷம் முன்னாடி ஒரு பெரிய மொழிபெயர்ப்பை நானும் ஒரு நண்பனும் சேர்ந்து செஞ்சோம், அவன் ஒரு வரி சொல்லுவான், நான் அடிப்பேன், நான் சொல்லுவேன், அவன் சிரிப்பான். பாதியில அவன் படுத்துட்டான், நாலு மாசம். நான் நிறுத்தல. அவன் இருந்தா இந்த இடத்துல என்ன சொல்லுவான்னு நானே யூகிச்சு, அவன் குரல்லயே ஆட்சேபம் பண்ணி, அதுக்கு நானே பதில் சொல்லி, அவன் பங்கையும் முடிச்சு வெச்சேன், எவ்வளவு பெருமை எனக்கு! ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை போனேன்னு கேட்டா ரெண்டு. திரும்பி வந்தவன் எல்லாத்தையும் பொறுமையா படிச்சான், "நல்லா இருக்குடா"ன்னான், ஒரு திருத்தம் கூட சொல்லல. அதுக்கப்புறம் நாங்க சேர்ந்து ஒரு பக்கம் கூட எழுதல, சண்டையும் இல்ல, இன்னைக்கும் பார்த்தா நல்லாத்தான் பேசிப்போம்.

டெஸ்ஸாவும் ஸ்காட்டும் எப்படியோ மீண்டுட்டாங்க. 2009 ஆரம்பத்துல திரும்பி வந்து கனடா சாம்பியன்ஷிப் ஜெயிச்சு, உலகப் போட்டியில வெண்கலம், அடுத்த வருஷம் வான்கூவர் ஒலிம்பிக்ல தங்கம், அதே 2010 அக்டோபர்ல டெஸ்ஸாவுக்கு மறுபடி கால்ல ஆபரேஷன்! நாங்க ரெண்டு பேரும் மீளல, அவ்வளவுதான். திறமையில வித்தியாசம்னு நினைக்கல, அவங்களுக்கு தினம் காலைல கையைப் பிடிச்சே ஆகணும், எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

வேற பார்ட்னர் பார்க்கலாமா வேண்டாமாங்கிறது உன் கோச்சுக்கும் உனக்கும் உள்ளது, நான் யாரு சொல்ல. ஆனா உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன்டா. உன் பார்ட்னர் பொண்ணோட முழங்கால் இருக்கு, ஆறு மாசம் இருக்கு, கோச் சொன்னது இருக்கு, உன் பிராக்டிஸ் இருக்கு. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு ஒரு வரி கூட இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் போய்ப் பார்த்தியா, ஒரு போனாவது பண்ணினியா? அதை எழுது, மத்தது பிறகு.