சாவி வாங்கப் போனால் ‘லீகல் சார்ஜ்’: புது ஃப்ளாட் வாங்குவோரின் கேள்விகள்

ஃப்ளாட் தயார், பத்திரப்பதிவுக்கு வாருங்கள் என்று பில்டர் கடிதம் அனுப்பியிருக்கிறார். அதில் ‘லீகல் மற்றும் டாகுமென்டேஷன் சார்ஜ்’ என்று 60,000 ரூபாயும் அதற்கு 18% ஜிஎஸ்டியும் கேட்கிறார். இதுவரை யாரும் இதைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டித்தான் ஆக வேண்டுமா?

நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, விலை பற்றிய பகுதியையும் பின்னிணைப்புகளையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். இந்தத் தொகை அங்கே எழுதப்பட்டிருந்தால் மறுப்பது கடினம். எங்குமே இல்லையென்றால், எந்தப் பிரிவின்படி கேட்கிறீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள், பிறகு காட்ட எதுவும் இருக்காது. ‘இதர கட்டணங்கள்’ என்று மொத்தமாக ஒரு வரி மட்டும் இருந்தால், எந்த வேலைக்கு எவ்வளவு என்று விவரம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த ஜிஎஸ்டியையும் கவனியுங்கள். தொழில் நிறுவனமாக இல்லாத ஒரு தனிநபருக்கு வக்கீல் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. ஆகவே 18% சேர்த்து பில் வந்தால், அது உங்களுக்காக உழைத்த வக்கீலின் ஃபீஸ் அல்ல, பில்டர் தன் பெயரில் உங்களுக்கு விற்கும் சேவை. பத்திரம் தயாரித்தவரும் பில்டரின் வக்கீல்தான், உங்கள் பக்கம் நின்று அதைப் படித்தவர் யாரும் இல்லை. இதை வாங்குபவருக்கான வக்கீல் செலவு என்று காட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, இங்கே உங்களுக்குக் கை கொடுக்கும். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்வதற்கு முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது என்கிறது பிரிவு 13. திட்டத்தைப் பதிவு செய்யும்போதே, ஒப்பந்தத்தின் மாதிரியையும் கிரயப் பத்திரத்தின் மாதிரியையும் அவர் ரெரா ஆணையத்திடம் கொடுத்திருக்க வேண்டும். அந்த மாதிரியையும் உங்கள் கையில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கட்டணம் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் வந்தால்தான் பதிவு என்று மிரட்டுகிறார்களா? வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்து ஓடும் நேரத்தில் எல்லோராலும் மல்லுக்கு நிற்க முடியாது, புரிகிறது. வேறு வழியில்லை என்றால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். அப்புறம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்து திரும்பக் கேட்கலாம்.

வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்து ஓகே சொல்லிவிட்டார். அவருக்கான ஃபீஸும் என்னிடம்தான் வாங்கினார்கள். நான் தனியாக வேறு ஒருவருக்குச் செலவழிக்க வேண்டுமா?

செலவழியுங்கள் என்பதே என் பதில். ஃபீஸ் உங்களுடையதாக இருந்தாலும் அவர் வேலை செய்வது வங்கிக்கு. கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதுதான் அவர் பார்ப்பது. தாமதமானால் பில்டர் உங்களுக்கு என்ன தர வேண்டும், கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் வருகிறதா, நிலத்தில் உங்களுக்கான பிரிக்கப்படாத பங்கின் (யுடிஎஸ்) அளவு சொன்னபடி இருக்கிறதா என்பதெல்லாம் அவர் கவலை இல்லை. குறிப்பாக நில உரிமையாளர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்ற கூட்டு ஏற்பாட்டில், உரிமையாளர் கட்டுபவருக்குக் கொடுத்த பவர் பத்திரம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று உங்கள் ஆள் பார்த்தே ஆக வேண்டும். மூலப் பத்திரங்களும் வில்லங்கச் சான்றும் அவர் கண்ணில் படட்டும். ஃபீஸை முன்னமே பேசி எழுதி வாங்குங்கள்.

கடன் வாங்குபவர்கள் இன்னொன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பத்திரத்தை வங்கியில் ஒப்படைக்கும் எம்ஓடி ஆவணத்துக்கும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் உண்டு. கடன் முடிந்ததும் அதை ரத்து செய்யும் ரசீதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% என்று நண்பர் சொல்கிறார். பில்டர் குறைவாகச் சொல்கிறார். எது சரி?

நண்பர் சொல்வது பொதுவான கிரயத்துக்கு. பில்டரிடமிருந்து முதல் முறையாக விற்கப்படும் புது ஃப்ளாட்டுக்கு, நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் முறை 2023 டிசம்பர் 1 முதல் வந்தது. அதன்படி 50 லட்சம் ரூபாய் வரை தீர்வை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%, கூடவே பதிவுக் கட்டணம் 2%. பதிவுக்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். அரசுக்குப் போகும் இந்தப் பணத்தை பில்டர் அலுவலகத்தில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், ஆன்லைனில் செலுத்தி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

‘பதிவு அலுவலகச் செலவு’ என்று ரசீதில்லாமல் கேட்கிறார்கள்.

ரசீது தர முடியாத எந்தத் தொகையையும் கொடுக்காதீர்கள். லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு, கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்கூட ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கேட்டவர் அரசு ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

ஃப்ளாட் விலை 62 லட்சம். கூடுதலாக 1% டிடிஎஸ் கட்டச் சொல்கிறார்கள்.

இது கூடுதல் இல்லை. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், பில்டருக்குத் தர வேண்டிய பணத்திலிருந்து 1% பிடித்து, அவருடைய பான் எண்ணில் வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. 62 லட்சத்தில் 62,000 ரூபாய் அரசுக்கு, மீதி அவருக்கு. முழு விலையையும் கொடுத்துவிட்டு அதற்கு மேல் 1% நீங்கள் கட்டியிருந்தால், அந்தத் தொகையை பில்டரிடம் திரும்பக் கேளுங்கள்.