பாலைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் கொடுத்தால் அலர்ஜி போய்விடுமா?

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. பால்மா குடித்தால் உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். ஒருமுறை இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கனடாவில் அக்காவின் மகளுக்கும் இதே பிரச்சினை. அங்கே பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, இப்போது ஒரு கோப்பை குடிக்கிறாளாம். இங்கே ஒருவர் இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிச் சோதித்து, சொட்டுமருந்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வீட்டிலேயே தொடங்கலாமா? (ஒரு தாய், சுன்னாகம்)

பதில்: வீட்டில் தொடங்க வேண்டாம். அந்த ஆளிடம் காசும் கொடுக்க வேண்டாம்.

அக்கா சொன்னது பொய்யல்ல, அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது. மருத்துவர் பக்கத்தில் நிற்க, ஒரு மில்லிலீற்றருக்கும் குறைந்த பாலில் தொடங்குவார்கள். பிள்ளை அதைத் தாங்கினால் அதே அளவை வீட்டில் தினமும் கொடுக்க வேண்டும். அளவைக் கூட்டுவது கிளினிக்கில் வைத்துத்தான், இரண்டு கிழமைக்கு ஒருமுறை போல. மாதக்கணக்கில் இழுபடும். ஒரு கோப்பைக்கு வந்த பிறகும் குடிப்பதை நிறுத்த முடியாது. கொஞ்ச நாள் விட்டால் பலருக்குப் பழைய நிலை திரும்பிவிடும். அக்காவின் மகளுக்கும் அலர்ஜி அடியோடு போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். அவளது உடம்பு தாங்கப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

நேற்றுத் தாங்கிய அளவை இன்று தாங்காமல் போவதும் உண்டு. காய்ச்சல், வெறும் வயிறு, குடித்த கையோடு ஓடி விளையாடுவது, எதுவும் போதும். உங்கள் மகனுக்கு இளைப்பு வேறு வந்திருக்கிறது. அது ஆஸ்மாவா என்று பார்த்து, ஆஸ்மா என்றால் அதைக் கட்டுக்குள் கொண்டுவராமல் எந்த நல்ல மருத்துவரும் இதைத் தொடங்க மாட்டார்.

இனி அந்தச் சென்னைக்காரர். இவர்கள் வழக்கமாக விற்பது, ஒரே இரத்தத்தில் நூறு சாப்பாட்டைப் பார்க்கும் ஐஜிஜி சோதனை. பிள்ளை எதையெதைச் சாப்பிட்டிருக்கிறது என்றுதான் அது காட்டும், அலர்ஜியைக் காட்டாது. அறிக்கையைப் பார்த்துப் பயந்து முட்டை, கோதுமை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலியவைத்த தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேவையானது தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அல்லது பாலுக்கான ஐஜிஈ இரத்தச் சோதனை, அதாவது அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருளைப் பார்ப்பது. இரண்டாவதைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் செய்கிறார்கள். சிறுவர் கிளினிக்கில் கேளுங்கள். ஒரு குழாய் இரத்தத்துக்காக யாழ்ப்பாணத்துப் பிள்ளை இன்னும் கொழும்பை எதிர்பார்த்திருக்க வேண்டியிருப்பது எனக்கும் எரிச்சல்தான். அந்த எரிச்சலில்தான் தரகர் பிழைக்கிறார். போத்தலில் என்ன, எவ்வளவு என்று எழுதாத சொட்டுமருந்தை எக்காரணம் கொண்டும் வாயில் விடாதீர்கள்.

"ஆட்டுப்பால் கொடுத்துப் பாருங்கோ" என்று அயலில் சொல்வார்கள். பசுப்பால் ஒவ்வாத பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்குமேல் ஆட்டுப்பாலும் ஒவ்வாது. தேங்காய்ப்பாலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சொதியை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். மகன் கேக் சாப்பிடுகிறானா? பால் அலர்ஜிப் பிள்ளைகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர், மாவோடு சேர்ந்து நன்றாக வெந்த பாலைத் தாங்குவார்கள். 180 பாகையில் அரைமணி நேரம் வெந்த கேக்கைச் சொல்கிறேன். மேலே பூசும் பட்டர் ஐசிங் இதில் சேராது. பால் ரொபி சேராது. பாயாசமும் சேராது, எவ்வளவு கொதித்தாலும். நடுவில் வேகாத கேக்கும் சேராது. இதுவரை கேக் சாப்பிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்றால் நிறுத்தாதீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அலர்ஜி தானாக விலகும் வாய்ப்பும் அதிகம், பாலைக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சை தேவைப்படாமலே போகலாம். இதுவரை கொடுக்கவில்லை என்றால் முதல் துண்டை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். மிச்சக் கால்வாசியில் உங்கள் பிள்ளை இருந்தால் வீட்டில் சமாளிக்க முடியாது.

இதற்கெல்லாம் முதல், அட்ரினலின். கடும் அலர்ஜியில் உயிரைக் காக்கும் ஊசிமருந்து அது. அம்பியூல் ஒன்று பால்மாப் பக்கற்றை விட மலிவு. ஆனால் வீடு போகும்போது கொடுக்கும் அட்டையில் "அலர்ஜி" என்று ஒரு சொல்லை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். திரும்ப வந்தால் தாய் என்ன செய்வது, முன்பள்ளி ரீச்சர் என்ன செய்வது, யாரும் சொல்வதில்லை. அக்காவிடம் அட்ரினலின் நிரப்பிய பேனை ஊசி கேட்டால், மருத்துவர் சொல்லும் அளவில், முடிவுத் திகதி பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெயிலிலோ குளிர்ப்பெட்டியிலோ வைக்காதீர்கள். எப்படிக் குத்துவது என்பதைக் கிளினிக்கில் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள், அவசரப்பட்டு எழும்பி வராதீர்கள்.

மூச்சுத் திணறினாலோ, குரல் அடைத்தாலோ, தடிப்போடு வாந்தியும் சோர்வும் வந்தாலோ பிரிற்றன் என்ற அலர்ஜி மருந்தைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி, உடனே 1990 அம்புலன்சுக்கு அழைப்பு. ஊசி இல்லையென்றால் கிடைக்கும் வாகனத்தில் கிட்டடி ஆஸ்பத்திரிக்கு. பிள்ளையைப் படுக்க வையுங்கள். மூச்சு முட்டினால் இருத்தி வைக்கலாம். நடக்க மட்டும் விடாதீர்கள்.